ஷூட்டிங்குக்குப் பழைய வண்டி கொடுப்பது எப்படி

முதலில் வண்டி வாங்காதீர்கள். இந்தத் தொழிலுக்கு வர வேண்டும் என்று என்னைத் தேடி வரும் தம்பிகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஊரில் தாத்தா ஓட்டிய அம்பாசிடர் தகரக் கொட்டகையில் நிற்கிறது, டிங்கர் வேலை பார்த்து பெயின்ட் அடித்துவிட்டால் சினிமாக்காரர்கள் தேடி வருவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஒரு வண்டிக்கு மாதத்தில் இரண்டு நாள் வேலை கிடைத்தால் என் அனுபவத்தில் அது நல்ல மாதம். மற்ற நாளெல்லாம் அது நிழலில் நின்றபடியே செலவு வைக்கும். பேட்டரி இறங்கும், டயர் ஒரே இடத்தில் அமுங்கும், எலி ஒயரைக் கடிக்கும்.

வாங்க வேண்டியது ஒரு கெட்டி அட்டை நோட்டு. யாரிடம் என்ன வண்டி இருக்கிறது என்று எழுதிக்கொண்டே வாருங்கள். ஒரு வண்டிக்கு ஒரு பக்கம். எந்த வருட மாடல், என்ன நிறம், நம்பர் என்ன, ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும் ஹேண்ட் கியரா தரையில் இருக்கும் ஃப்ளோர் கியரா, சீட் கவர் பழையதா மாற்றியதா, தானாக ஓடுமா, தள்ளினால்தான் ஓடுமா, ஓனர் வண்டியைத் தனியாக அனுப்புவாரா, கூடவே வருவாரா. நான்கு பக்கமும் உள்பக்கமும் போட்டோ. மயிலாப்பூர், புரசைவாக்கம், கோயம்புத்தூர், காரைக்குடி என்று என் நோட்டில் நூற்றுக்கு மேற்பட்ட வண்டிகள் இருக்கின்றன. அதில் எனக்குச் சொந்தமானவை ஐந்து. ஆர்ட் டைரக்டரின் அசிஸ்டென்ட் ராத்திரி பத்து மணிக்கு போன் செய்து "அண்ணே, அறுபத்தெட்டாம் வருஷ வண்டி மூணு வேணும், வியாழக்கிழமை காலையில, பின்னி மில்லுல" என்று சொன்னால், அந்த நோட்டுதான் பதில் சொல்லும்.

நான் வந்த வழி

இந்த வேலைக்கு என்று படிப்பு எதுவும் கிடையாது. நான் சுற்றிச் சுற்றித்தான் வந்து சேர்ந்தேன். அதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு வேலைமுறையும் ஏதோ ஒரு பழைய வேலையில் கற்றுக்கொண்டது.

1987-ல் பிளஸ் டூவில் இரண்டு பாடம் போனது. அப்பா எனக்குச் சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை வாங்கிக் கொடுத்தார். நாலு வருடம் கவுன்டரில் நின்றேன். மெக்கானிக் உடைந்த சாமானை நியூஸ் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்து போடுவார். அதைப் பார்த்தவுடன் எந்த வண்டி, எந்த மாடல் என்று சொல்ல வேண்டும். தப்பாக எடுத்துக் கொடுத்தால் அவர் திரும்பி வருவார், முதலாளி திட்டுவார். பத்மினி காரின் டெயில் லேம்ப், ஹெரால்டு காரின் கதவுக் கைப்பிடி, அம்பாசிடரின் முகத்தில் இருக்கும் கிரில்லில் ஒரு கட்டத்தின் அளவு எல்லாம் அப்படித்தான் கையில் ஏறின.

1991-ல் எழும்பூர் ஸ்டேஷன் அருகே டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டப் போனேன். டீசல் அம்பாசிடர். திருப்பதி, ராமேஸ்வரம், கொடைக்கானல், கார்த்திகை பிறந்தால் சபரிமலை. மலை ஏறும்போது டெம்பரேச்சர் முள் எங்கே நின்றால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும், கொதிக்கும் ரேடியேட்டர் மூடியை எப்போது திறக்கக் கூடாது என்பதெல்லாம் அந்த ஐந்து வருடத்தில் தெரிந்தது.

1996-ல் ஷார்ஜா. ஒரு கம்பெனியின் வண்டி யார்டில் வேலை. அங்கே எந்த வண்டி வெளியே போனாலும் ஒரு தாள் நிரப்ப வேண்டும். தாளில் வண்டியின் வரைபடம் இருக்கும். எங்கே கீறல், எங்கே நசுங்கல் என்று வட்டம் போட்டு, எடுத்துப் போகிறவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். திரும்பி வரும்போது அதே தாளை வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஆறு வருடம் செய்தேன். இன்று என் பட்டறையிலும் அதே தாள்தான், தமிழில்.

2002-ல் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் திரும்பி வந்தேன். மயிலாப்பூரில் ஒரு டாக்டர் குடும்பத்திடமிருந்து 1966-ம் வருட அம்பாசிடர் மார்க் டூ ஒன்றை வாங்கி, கல்யாண ஊர்வலத்துக்கு விட்டேன். 2008-ல் ஒரு மண்டப வாசலில் அந்த வண்டியைப் பார்த்துவிட்டு ஒரு அசிஸ்டென்ட் ஆர்ட் டைரக்டர் என் நம்பரைக் கேட்டு வாங்கிப் போனார். கதை 1967-ல் நடக்கிறது, இரண்டு அம்பாசிடர் வேண்டும் என்றார். என்னுடையது ஒன்று. இன்னொன்றை நண்பரிடம் வாங்கி நிறுத்தினேன். ஷாட் வைப்பதற்குச் சற்று முன் அவர் இரண்டாவது வண்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது எழுபத்தஞ்சுக்கு அப்புறம் வந்த கிரில் ஆச்சேண்ணே" என்றார். ஜி.பி. ரோட்டில் நான்கு வருடம் நின்றவன் நான். அவசரத்தில் பார்க்காமல் விட்டேன். அந்த வண்டியைத் தெருக்கோடியில், முகம் தெரியாமல் பின்பக்கத்தைக் காட்டி நிறுத்தினார்கள். அதற்கு வாடகை கேட்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் நோட்டைத் தொடங்கினேன்.

வருடத்தைப் படிப்பது

படக்காரர்கள் வாடகைக்கு எடுப்பது ஒரு வருடத்தை. அது தப்பினால் வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தும் பயனில்லை. அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அம்பாசிடர் எல்லாம் ஒன்று போலத் தோன்றும். மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவில் 1950-களின் கடைசியிலிருந்து 2014 வரை வந்த வண்டி, உடம்பு பெரிதாக மாறவே இல்லை. முகத்தைப் பாருங்கள். 1962-ல் வந்த மார்க் டூவுக்கு நெருக்கமான கட்டம் போட்ட கிரில். 1975-ன் மார்க் த்ரீயில் கிரில் மாறுகிறது. 1979-ன் மார்க் ஃபோரில் கிரில்லே சின்னதாகி, பார்க் விளக்கு சதுரமாகி, இண்டிகேட்டர் தனியாகப் பிரிகிறது. ஓனர் எத்தனையோ முறை விபத்துக்குப் பிறகு கையில் கிடைத்த கிரில்லை மாட்டியிருப்பார். எனவே ஆர்.சி. புக்கில் உள்ள வருடத்தை நம்பி வண்டியை அனுப்பாதீர்கள். கண்ணால் பார்த்த முகத்தை மட்டும் நம்புங்கள். கிரில்களைத் தனியாகச் சேர்த்து வையுங்கள். பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் கிடைக்கும்போதே வாங்கிவிடுவேன். என்னிடம் மூன்று மார்க் டூ கிரில் இருக்கிறது. ஒரு வண்டியை வைத்தே இரண்டு காலத்தைக் காட்ட முடிவது அதனால்தான்.

ஃபியட் கேட்டால் எந்தப் பெயர் என்று கேளுங்கள். பம்பாய் குர்லாவில் செய்த 1100 டிலைட் 1964-ல் வந்தது. அதே வண்டிக்குப் பத்மினி என்ற பெயர் 1974-ல்தான் வருகிறது. 1970-ல் நடக்கும் கதையில் டிக்கியில் 'பத்மினி' என்ற எழுத்து தெரிந்தால் அந்த ஷாட் போச்சு. கழற்றி பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள், எடுத்த இடத்தைத் துளையோடு விடாமல் மெழுகு வைத்து அடைத்து டச்-அப் செய்யுங்கள். இங்கே செட் போட்டு பம்பாய்த் தெரு எடுப்பவர்கள் கறுப்பு-மஞ்சள் பத்மினி டாக்ஸி கேட்பார்கள். மும்பையில் கடைசி பத்மினி டாக்ஸிக்கு 2023 அக்டோபரோடு காலம் முடிந்தது. அதனால் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் பத்மினியைத்தான் டாக்ஸியாக மாற்ற வேண்டும்.

பழைய மெட்ராஸ் கதை என்று வந்தால் நானே ஒரு படி மேலே போய், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைக்கலாமா என்று கேட்பேன். 1961 முதல் நம் வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலையில் செய்த வண்டி. வங்கி மேனேஜர், வக்கீல், காலேஜ் புரொபசர் வீட்டு வாசலில் அதுதான் பொருந்தும். பானெட் முழுசாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும், அந்த ஒரு அசைவே திரையில் காலத்தைச் சொல்லிவிடும். நம் ஊர் வண்டி நம் ஊர்ப் படத்தில் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வரும் சந்தோஷம் தனி.

எண்பதுகளின் கதைகள் இப்போது அதிகம் வருகின்றன. மாருதி 800 முதல் வண்டி 1983 டிசம்பரில் கைமாறியது. அந்த முதல் உருவம் மூன்று வருடம்கூட வரவில்லை, 1986-ல் இன்று நமக்குப் பழக்கமான உருவம் வந்துவிட்டது. 1984 கதை என்றால் அந்தப் பழைய உருவம்தான் வேண்டும், அது கிடைப்பது ஹெரால்டைவிடச் சிரமம். ஓட ஓட ஓட்டி, கழித்து, இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். இன்றைக்குத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஐம்பதுகளின் வண்டிக்கு ஆசைப்பட்டு பணத்தைக் கொட்டாதீர்கள். எண்பது, தொண்ணூறுகளின் சாதாரண வண்டிகளைத் தேடுங்கள். மாருதி வேன், கான்டெஸா, 118 என்.இ., முதல் டாடா சுமோ. யாரும் அவற்றைப் பாதுகாக்கவில்லை.

அடுத்து நம்பர் பிளேட். எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்குவது மெட்ராஸ் ஸ்டேட் காலம். மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறியது 1969-ல். அதற்குப் பிறகுதான் டி.எம்., டி.என். என்று தொடங்கும் மூன்றெழுத்து வரிசைகள். இன்றைய டி.என். 01 போன்ற எண் 1989 ஜூலையில் புதிய மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு. சொந்த வண்டிக்கு அன்று கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. எழுத்தை ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், பிரஷ்ஷால் எழுத ஆள் வையுங்கள். கேமரா கிட்டே வந்தால் வித்தியாசம் தெரியும்.

மற்ற சில்லறைகள்: ஃபாஸ்டேக் ஸ்டிக்கர், கண்ணாடியில் ஒட்டிய சன் ஃபிலிமின் மிச்சம், ஸ்டீரியோ, பம்பரில் சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப். அரசாங்க வண்டி என்றால் கூரையில் சுழலும் விளக்கு வைக்கலாமா என்று கேட்பார்கள். 2017 மே 1-க்கு முன்னால் நடக்கும் கதை என்றால் மந்திரி வண்டிக்கு வைக்கலாம்.

ஓட வைப்பது

பழைய காலத்து வண்டியின் கழுத்தைப் பிடிப்பது பெட்ரோல். இன்றைய பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலந்து வருகிறது. பழைய ரப்பர் ஹோஸும் பம்ப்பின் டயஃப்ரமும் அதில் ஊறிப்போகும். எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வண்டி நிற்கப்போகிறது என்றால் கார்புரேட்டரில் பெட்ரோலை விடாதீர்கள். குழாயை அடைத்துவிட்டு, அதுவாக ஆஃப் ஆகும்வரை ஓட விடுங்கள்.

ஷூட்டிங்கில் வண்டி எப்போதும் ஒரே மாதிரிதான் மக்கர் செய்யும். வெயிலில் இருபது அடி ஓட்டுவார்கள், நிறுத்துவார்கள், லைட் மாற்ற முக்கால் மணி நேரம், மறுபடி ஸ்டார்ட். பானெட்டுக்குள் சூட்டில் பெட்ரோல் லைனிலேயே ஆவியாகி வண்டி எடுக்காது. கையில் ஒரு ஈரத் துணி வைத்திருங்கள். பம்ப் மேல் சுற்றிவிட்டு பானெட்டைத் திறந்து வைத்தால் அடுத்த டேக்குக்கு எடுக்கும். ஸ்பார்க் வரவைக்கும் காண்டாக்ட் பாயின்ட் செட், கன்டென்ஸர், ஃபேன் பெல்ட், ஒரு லிட்டர் பிரேக் ஆயில், உப்புத்தாள், சார்ஜ் ஏற்றிய இன்னொரு பேட்டரி ஆகியவை இல்லாமல் நான் பட்டறையை விட்டுக் கிளம்ப மாட்டேன்.

பிரேக்கை மட்டும் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். அந்தக் காலத்து வண்டிகளில் நான்கு சக்கரமும் டிரம் பிரேக், ஒரே லைன். எங்காவது ஒரு இடத்தில் ஆயில் கசிந்தால் நான்கும் போய்விடும். வண்டிக்கு முன்னால் ஆள் நடிக்கிற ஷாட் என்றால் நானே மூன்று முறை அதே தூரத்தை ஓட்டி, நிறுத்திக் காட்டிவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பேன். ஹேண்ட் கியர் தெரியாத நடிகரிடம் ஓடும் வண்டியைக் கொடுக்கச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லுங்கள். மாற்று வழி இருக்கிறது. தூர ஷாட்டில் நம் டிரைவர் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு ஓட்டுவார். கிட்ட எடுக்கும் ஷாட்டில் எஞ்சினை ஆஃப் செய்துவிட்டு நாலு பேர் பின்னாலிருந்து தள்ளினால் போதும். ஷூட்டிங்கிலேயே வசனத்தைப் பதிவு செய்யும் லைவ் சவுண்ட் படங்களில் இப்படித் தள்ளுவதைத்தான் அவர்களும் விரும்புவார்கள். எங்கள் வண்டிச் சத்தத்தில் வசனம் கேட்காது.

கேமராவை வண்டியில் பொருத்த வரும்போது கூடவே நில்லுங்கள். உறிஞ்சி ஒட்டும் மவுன்ட்டைப் பழைய பெயின்ட்டில் ஒட்டினால், எடுக்கும்போது நசுங்கலை நிரப்ப அடியில் பூசிய பட்டியோடு பெயர்ந்து வரும். எந்த இடத்தில் பட்டி அதிகம் என்று உங்களுக்குத்தான் தெரியும். அந்த இடத்தைக் காட்டாதீர்கள்.

காகிதம், பணம்

ஐம்பது வருடத்தைத் தாண்டிய வண்டிகளை வின்டேஜ் என்று பதிவு செய்ய 2021-ல் விதி வந்தது. வி.ஏ. என்ற எழுத்தோடு தனி நம்பர். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அந்தப் பதிவு எடுத்த வண்டியை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, அன்றாட ஓட்டத்துக்கும் கூடாது என்று அதே விதி சொல்கிறது. வாடகைக்கு விட எண்ணினால் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். ஓனர் ஏற்கெனவே வி.ஏ. நம்பர் வாங்கியிருந்தால் அந்த வண்டியை நான் கேட்பதில்லை.

சாதாரண பிரைவேட் இன்சூரன்ஸ் பாலிசியில் வாடகை உபயோகம் அடங்காது. இதைச் சொல்லாமல் ஒரு பெரியவரின் வண்டியை வாங்கிப் போவது நம்பிக்கைத் துரோகம். வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு படக் கம்பெனி பொறுப்பு என்று லெட்டர்பேடில் எழுதி, கையெழுத்து வாங்கி, அதன் நகலை ஓனரிடம் கொடுத்த பிறகே வண்டியை எடுங்கள். அந்தக் காகிதத்தோடு ஷார்ஜாவில் கற்ற தாளையும் இணையுங்கள்.

நிறம் மாற்றச் சொல்வார்கள். ஆர்.சி.யில் உள்ள நிறத்தை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. உரித்தால் வந்துவிடும் வினைல் ஒட்டலாம், ஓனர் சம்மதித்தால். கதைக்கான பொய் நம்பர் பிளேட்டோடு பொதுச் சாலையில் ஒரு அடிகூட ஓட்டாதீர்கள், அது குற்றம். வண்டியை கேரியர் லாரியில் ஏற்றி லொகேஷனுக்கு உள்ளே இறக்கிய பிறகு, நிஜ பிளேட்டின் மேல் மாட்டுங்கள். காரைக்குடி வரை ஓட்டியே போய்விடலாம் என்று தோன்றும். அறுபது வயது வண்டியை நானூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுநாள் காலை ஆறு மணி கால்ஷீட்டுக்கு நம்ப முடியாது.

வாடகை பேசும்போது வண்டி, லாரி, டிரைவர் பேட்டா, மெக்கானிக், பெட்ரோல் என்று தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். மொத்தமாக ஒரு தொகை சொன்னால் அதில்தான் குறைப்பார்கள். தனித்தனியாக இருந்தால் எதைக் குறைக்கிறோம் என்று அவர்களுக்கும் தெரியும். பாதி முன்பணம், மீதி கடைசி நாள் பேக்கப்புக்கு முன்னால். ஒரு கம்பெனி பதினோரு நாள் வேலைக்குச் செக் கொடுத்து, அது திரும்பி வந்தது. வக்கீல் சொல்லித்தான் கெடுவே தெரிந்தது: செக் திரும்பிய தகவல் வந்த முப்பது நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், பணம் கட்ட அவர்களுக்குப் பதினைந்து நாள், அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் வழக்கு. நான் அந்த முதல் முப்பது நாளை போனில் கெஞ்சியே கழித்திருந்தேன். என் பணம் போகட்டும், என்னை நம்பி வண்டி கொடுத்த நான்கு ஓனர்களுக்கு மனைவியின் நகையை வைத்துக் கொடுத்தேன். அவர்கள் இன்றும் என் நோட்டில் இருக்கிறார்கள்.

யாரிடம் போய் வேலை கேட்பது என்பார்கள். தயாரிப்பாளர் அலுவலகத்தில் காத்திருக்காதீர்கள். சாலிகிராமத்திலும் வடபழனியிலும் ஆர்ட் டிபார்ட்மென்ட் அசிஸ்டென்ட்களைப் பழகிக்கொள்ளுங்கள். வண்டி வேண்டும் என்று முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். தெரியாத வருடத்தை அவர்கள் கேட்டால் அன்றே பார்த்துச் சொல்லுங்கள். உங்களிடம் அந்த வண்டி இல்லாவிட்டால் யாரிடம் இருக்கிறது என்று சொல்லுங்கள். அடுத்த படத்துக்கு உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

வண்டி திரும்பி வரும் இரவு

பேக்கப் ஆனதும் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். அப்போதுதான் நம் வேலை மிச்சமிருக்கிறது. கதை பிளேட்டைக் கழற்றுங்கள். சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள், டிரஸ்ஸுக்குக் குத்தும் பின், உடைந்த வளையல், சில நேரம் நடிகரின் கண்ணாடிகூடக் கிடைக்கும். பழையது போலக் காட்ட செம்மண் தூளைத் தூவியிருப்பார்கள். அதை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள், பெயின்ட்டில் கோடு விழும். தண்ணீரை மேலிருந்து ஊற்றி மண்ணை ஓட விட்ட பிறகு துணி.

என்னிடம் ஹெரால்டு கொடுக்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். கணவர் வாங்கிய வண்டி. எத்தனை மணி ஆனாலும் தூங்காமல் இருந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வண்டியைச் சுற்றி வந்து பார்க்க மாட்டார். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுப்பா" என்பார். நான் சாவியைத் திருப்புவேன். எஞ்சின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு இறங்கிப்போய் தாளில் கையெழுத்துப் போடுவார். அதனால் அந்த வண்டியை விடப் போகும் இரவில் மட்டும், தெருமுனையில் நிறுத்தி, பாயின்ட்டை ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் அவர் வாசலுக்குப் போவேன்.